ஏட்டிலிருந்து அச்சுக்கு: உ.வே.சா.வின் பதிப்பு வாழ்வும் திருக்கழுக்குன்றத்து இறுதி நாட்களும்

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் எழுத்துரு, வரி இடைவெளி, அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் ஆகியவற்றுக்கான நெறிமுறைகளைப் பின்பற்ற வேண்டியுள்ளது. இவற்றை வெறும் சடங்கெனக் கருதும் போக்கு இளம் ஆய்வாளரிடம் உண்டு, இக்கட்டுரையாளரும் விலக்கல்லர். ஆனால் மூலத்தை அச்சுக்குச் சித்தப்படுத்தும் பணியிலேயே ஏறத்தாழ அறுபது ஆண்டுகளைச் செலவிட்ட உ.வே.சாமிநாதையருக்கு இவை சடங்குகளாக இருக்கவில்லை. அவர் வாழ்வு செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலுள்ள திருக்கழுக்குன்றத்தில் முடிந்தது.

1855 பிப்ரவரி 19இல் பிறந்த உ.வே.சா., மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர். 1880இல் தியாகராச செட்டியாரின் இடத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தாதிகளையும் கோவைகளையும் புராணங்களையும் கற்றிருந்த இளைஞரிடம் முதலியார் சீவகசிந்தாமணியைப் பற்றி வினவினார். அதற்கு விடையளிக்க இயலாமற்போன குறையே பிற்காலப் பணிக்கெல்லாம் வித்தாயிற்று.

சிந்தாமணி ஏடுகளிற் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடோ ஒகர ஓகார வேறுபாடோ இல்லை. கொம்பு பெற்ற ககரத்தை அடுத்துக் காலோ ரகரமோ எனப் பிரித்தறிய இயலாத கோடு ஒன்று நிற்குமாயின் அதனைக் கொ, கோ, கெர, கேர என நான்கு வகையாகவும் படிக்கலாம். மூலமும் உரையும் இடைவெளியின்றி ஒன்றாகவே ஓடும். ஆகவே பத்தி பிரித்தலும் சொல் பிரித்தலும் புள்ளியிடுதலும் அழகுபடுத்தும் செயல்களல்ல. ஒவ்வொன்றும் பொருள்கோள் பற்றிய தீர்மானமாகும். பிரித்தது பிழையாயின் நூலே வேறாகிவிடும்.

நச்சினார்க்கினியர் உரையிற் பெயர் சுட்டாமல் மேற்கோள்கள் மிகுந்திருந்தன. அவற்றின் இருப்பிடத்தை அறிய உ.வே.சா. கையிற் கிடைத்த ஏடுகளுக்கெல்லாம் சொல்லகராதி எழுதிவைத்துக்கொண்டார். அந்தத் தேடலே அவரைப் பத்துப்பாட்டுக்கும் எட்டுத்தொகைக்கும் கொண்டுசென்றது. இன்று நாம் மேற்கோள் விளக்கம் என ஒதுக்கிவைக்கும் வேலை சங்க நூல்களுக்கு வாயிலாக அமைந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சமணக் கோட்பாடு விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களை அணுகிக் கேட்டறிந்தார்.

1887இல் சிந்தாமணி வெளிவந்தது. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) தொடர்ந்தன. இத்துறையில் ஆறுமுக நாவலரும் சி.வை.தாமோதரம் பிள்ளையும் அவருக்கு முன்னோடிகள். அதனை மறைத்து உ.வே.சா.வை மட்டும் புகழ்தல் அவருக்கே ஒவ்வாதது. முகவுரை, நூலாசிரியர் வரலாறு, பாடபேதம், ஒப்புமைப் பகுதி, அரும்பத அகராதி ஆகியன ஒருங்கமைந்த பதிப்பு வடிவத்தை நிலைபெறச் செய்தது அவர் தனிச்சிறப்பு. புறநானூற்றிற் சிதைந்த இடங்களில் தாமே சொற்பெய்து நிரப்பும் புலமை அவருக்கு இருந்தது. எனினும் புள்ளிகளிட்டுச் சிதைவைச் சிதைவாகவே காட்டினார். அவர் பதிப்புகளில் இக்கட்டுரையாளர் பெரிதும் மதிப்பது இந்தப் புள்ளிகளையே.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1919இல் ஓய்வு பெற்றார். பரிபாடலும் பெருங்கதையும் அதற்கு அணிமைக்காலத்தில் வெளிவந்தன. பழைய உரை கிடைக்காத குறுந்தொகைக்குத் தாமே உரையெழுதி 1937இல் பதிப்பித்தபோது வயது எண்பதைக் கடந்திருந்தது.

1940 முதல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' வாரந்தோறும் வந்தது. பிறர் ஏடுகளைச் சித்தப்படுத்தியவர் தம் நினைவையே மூலமாகக் கொண்ட பணி அது. 1942 ஏப்ரலிற் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் சப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். 87 வயது உ.வே.சா.வும் திருவல்லிக்கேணி இல்லத்தை நீங்கித் திருக்கழுக்குன்றம் சேர்ந்தார். வேதகிரி மலையடிவாரத்து அவ்வூரிலேயே ஏப்ரல் 28இல் மறைந்தார்.

வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியோடு நின்றது. சென்னை வாழ்வும் பரிபாடலும் பெருங்கதையும் குறுந்தொகையும் அவர் வாய்மொழியாக நமக்குக் கிடைக்கவில்லை. மாணவர் கி.வா.ஜகந்நாதன் பிற்காலத்தை எழுதினார். ஆனால் அது வேறொரு நூலாக அமைந்தது. 1950இல் மகன் கலியாணசுந்தரையர் 'என் சரித்திர'த்தை நூலாக்கியபோது தந்தை நிறுத்திய இடத்திலேயே அதனை நிறுத்தினார்.