நீலகிரிக்கு ட்ரவுட் மீன் கொண்டுவர முயன்ற வைத்தியரும் எங்கள் குளத்து விராலும்

பிரான்சிஸ் டே என்ற பெயர் வன்னியில் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. மீன்களைப் பற்றிப் படிக்கிற பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தெரியும். இலங்கை, இந்தியா, பர்மா ஆகிய மூன்று நாடுகளின் மீன்களையும் ஒரே நூலில் வரிசைப்படுத்தி, பலவற்றுக்குப் படமும் வரைந்து வைத்த ஆங்கிலேயர் அவர். அவரைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று என் தாத்தா சொன்ன மீன் கதை. மற்றது எங்கள் குளங்களின் இன்றைய நிலை.

எங்கள் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து குடியேறியது. தாத்தா நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்தவர். துரைமார் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்கு வந்து ட்ரவுட் பிடிப்பதை அவர் பார்த்திருக்கிறார். அவர்கள் புழு கோர்ப்பதில்லை. கோழி இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி, பூச்சிபோலச் செய்து, நீரின் மேல் மெல்ல விழும்படி வீசுவார்கள். ட்ரவுட் ஓடும் நீருக்கு எதிர்முகமாக நின்று, மிதந்து வரும் பூச்சியைப் பிடித்துத் தின்னும் மீன். அதனால் இறகுப் பூச்சியைப் பார்த்து ஏமாந்துவிடும். பெரிய மீன் அகப்பட்டால் துரையின் பிள்ளைகள் துள்ளுவார்களாம். சாமான்களைத் தூக்கிக்கொண்டு போன தொழிலாளிக்குத் தூண்டிலைத் தொட அனுமதி இல்லை.

அந்த மீன் எங்கள் நாட்டு மீன் அல்ல. 1880களில் ஐரோப்பாவிலிருந்து முட்டையாகக் கொண்டுவரப்பட்டு மலையக ஆறுகளில் விடப்பட்டது. தென்னிந்தியாவில் அதற்கும் முன்பே இதே முயற்சியில் இறங்கியவர்தான் டே.

1829இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்த டே, லண்டனில் வைத்தியம் படித்தார். 1852இல் சென்னை இராணுவத்தில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். கொச்சியில் பணிபுரிந்த காலத்தில் மீன் அவருடைய வாழ்க்கையாகிவிட்டது. சந்தைகளிலும் கரைகளிலும் மீன்களைச் சேர்த்து, அளந்து, வரைந்து, 1865இல் மலபார் மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டார்.

1860களில் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். ட்ரவுட் குளிர்ந்த, ஓடுகிற, காற்று நிறையக் கலந்த நீரில் மட்டும் வாழும். முட்டைக்கு இன்னும் குளிர் வேண்டும். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. 1864இல் பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதிந்த முட்டைகள் கப்பலில் தஸ்மேனியாவரை உயிரோடு போய்ச் சேர்ந்தன. டேக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. வெப்பத்தில் முட்டைகள் அழிந்தன. நீலகிரியில் ட்ரவுட் நிலைபெற்றது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். 1907 அளவில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைந்தது.

ஆனால் டே செய்த பெரிய வேலை வேறு. 1871இல் அவர் இந்திய மீன்வளங்களின் தலைமை ஆய்வாளரானார். நன்னீர் மீன்கள் ஏன் குறைகின்றன என்று ஊர் ஊராக விசாரித்து 1873இல் அறிக்கை எழுதினார். காரணங்கள் நாங்கள் இன்றும் கேட்பவைதான். கண் சிறிய வலைகள் குஞ்சுகளையும் அள்ளிவிடுகின்றன. நீரில் நஞ்சு கலக்கிறார்கள். அணைகளில் மீன் ஏறிப்போக வழி விடுவதில்லை. வலையின் கண் அளவுக்குச் சட்டம் வேண்டும் என்றார். ஏழைகளின் பிழைப்புக் கெடும் என்று அரசு தயங்கியது. வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான் வந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய பெருநூலில் இலங்கை மீன்களும் அடக்கம். பல மீன்களுக்குத் தமிழ்ப் பெயர்களையும் எழுதி வைத்தார். அந்தப் பெயர்களை அவருக்குச் சொன்னவர்கள் எங்களைப் போன்ற சாதாரண மீனவர்கள். மீனின் பெயர் அச்சேறியது. சொன்னவரின் பெயர் பெரும்பாலும் அச்சேறவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

குடும்ப வாழ்க்கை அவருக்கு வாய்க்கவில்லை. இரண்டு முறை மணமுடித்து, இரண்டு மனைவியரையும் இழந்தார். 1877இல் ஓய்வுபெற்று இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில் குடியேறினார். ட்ரவுட் ஆசை மட்டும் விடவில்லை. ஸ்கொட்லாந்தின் ஹோவீட்டவுன் பண்ணையில் ட்ரவுட், சால்மன் இனப்பெருக்க ஆய்வுகளில் ஈடுபட்டார். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் மீன்துறை அறிஞர் ஆல்பர்ட் குந்தரோடு அவருக்குத் தீராத பகை. அதனால் தன் சேகரிப்பின் பெரும்பகுதியை 1883இல் அவுஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு விற்றார். எங்கள் பக்கத்துக் கடல்களிலும் ஆறுகளிலும் பிடிபட்ட மீன்கள் இன்று சிட்னியில் போத்தல்களுக்குள் இருப்பது இப்படித்தான். 1889 ஜூலை 10ஆம் திகதி அவர் காலமானார். 1,400க்கும் மேற்பட்ட மீனினங்களை விவரிக்கும் அவருடைய இரண்டு தொகுதிகள் அதே ஆண்டில் வெளிவந்தன.

இனி எங்கள் குளத்துக்கு வருகிறேன். இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. வன்னி வெப்பத்தில் ட்ரவுட் ஒரு நாளும் தாங்காது. எங்களுக்கு வீரமான மீன் என்றால் விரால்தான். வான் பாய்கிற நாட்களில் அப்பா, சித்தப்பா, பிள்ளைகள் என்று குடும்பமாகத் தூண்டில் போடுவோம். தவளைக் குஞ்சைக் கோர்த்து நீரின் மேல் துள்ளவிட்டால் விரால் பாயும். தாத்தா பார்த்து நின்ற அந்த இறகுப் பூச்சியின் வித்தைதான் இதுவும். இங்கே தூண்டில் எங்கள் கையில் இருந்தது. அவர் முதன்முதலாக ஒரு பெரிய மீனைத் தன் கையால் இழுத்தது வன்னியில்தான்.

தாத்தா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல் தெரிந்தால், அந்த இடத்தில் தூண்டில் போடக்கூடாது. கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கிட்ட வரும் எதையும் அவை தாக்கும். அதனால் பிடிப்பது மிகச் சுலபம். பிடித்துவிட்டால் காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று முடித்துவிடும்.

2009க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பியவர்களிடம் வள்ளமும் இல்லை, நல்ல வலையும் இல்லை. கிடைத்த தங்கூசி வலையை விரித்து வயிறு கழுவினோம். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இப்போது பல சிறு குளங்களில் 1952இல் இந்த நாட்டுக்கு வந்த திலாப்பியாதான் வலையில் நிறைகிறது. பெரிய விராலைக் காண்பது அரிதாகிவிட்டது. 1996ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டம் நஞ்சையும் வெடியையும் தடுக்கிறது. குளக்கட்டில் நிற்பவர்கள் நாங்கள்தான். சட்டத்துக்குக் கண் நாங்களாக இருந்தால்தான் அது வேலை செய்யும்.

ஒரு வெள்ளைக்கார வைத்தியர் 150 ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்ததால் பல மீன்களின் தமிழ்ப் பெயர்கள் தப்பின. இடம்பெயர்வில் நாங்கள் படங்களையும் பத்திரங்களையும் இழந்தோம். குளத்தைப் பற்றிய அறிவு மட்டும் முதியவர்களின் தலைக்குள் மிஞ்சியிருக்கிறது. எந்தக் குளத்தில் எந்த மீன் இருந்தது, அதற்கு எங்கள் ஊரில் என்ன பெயர், எப்போது முட்டையிடும் என்று அவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். சொன்னவரின் பெயரையும் மறக்காமல் பக்கத்தில் எழுதுங்கள்.