பாலம் தந்த வள்ளல் பெட்ரஸ் உஸ்கான்

சென்னைத் துறைமுகத்தை அடுத்த ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரன் தெரு என்று ஒரு தெரு உண்டு. அங்கே அரண்மனையைத் தேடிப் பயனில்லை. அது அர்மீனியர் வாழ்ந்த தெரு. அவர்கள் பெயர்தான் தமிழ் மக்களின் நாவில் அப்படித் திரிந்துவிட்டது. பல தேசத்தாரும் பல மதத்தாரும் சேர்ந்து வளர்த்த பட்டணம் இது. அவர்களுள் மறக்கத் தகாத ஒருவர், கோஜா பெட்ரஸ் உஸ்கான்.

பாரசீகத்திலுள்ள புதிய ஜுல்பாவின் அர்மீனிய வணிகக் குடும்பத்தில் உதித்தவர் இவர். மணிலா வரை கப்பல் வியாபாரம் நடத்திப் பெரும் பொருள் ஈட்டிய பின், 1724-ல் சென்னையில் நிலையாகக் குடியேறினார்.

பரங்கிமலைக்குச் செல்லும் யாத்ரீகர்கள் அடையாற்றைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் வழியே இல்லை. இதைக் கண்ட உஸ்கான், 1726-ல் 30,000 வராகன் சொந்தப் பணத்தைச் செலவிட்டுச் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். அதைப் பழுது பார்க்க மேலும் 1,500 வராகன் ஒதுக்கி வைத்தார். பரங்கிமலை உச்சி வரை 160 கற்படிகளும் அமைத்தார்.

1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது சோதனை வந்தது. அவருடைய உடைமைகள் பறிமுதலாயின. தங்கள் பக்கம் வந்தால் திருப்பித் தருவதாக ஆசை காட்டினர். தமக்கு வாழ்வளித்த பட்டணத்துக்குத் துரோகம் செய்ய அவர் இசையவில்லை. தரங்கம்பாடிக்குப் போய் ஒதுங்கி வாழ்ந்தார்.

1749-ல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உதவினர் என்று ஐயுற்ற கம்பெனியார், அவர்களைக் கோட்டைப் பகுதியிலிருந்து வெளியேற்றினர். கத்தோலிக்கரான உஸ்கானுக்கு மட்டும் விலக்களித்தனர்.

1751-ல் தமது எழுபதாவது வயதில் அவர் காலமானார். உடல் வேப்பேரியில் அவர் எழுப்பிய சிற்றாலயத்தருகே அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும் பேழையில் வைத்து ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது. மறு ஆண்டே அந்த ஆலயத்தைக் கம்பெனியார் புராட்டஸ்டண்டு பாதிரிகளிடம் ஒப்படைத்துவிட்டனர். விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு அவ்வளவுதான்!

ஆனால் மக்களுக்கென்று அவர் செய்தது வீண்போகவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாலம் சென்னையைத் தாங்கியது. 1960-களில் அதற்குப் பதிலாக எழுந்த புதிய பாலம் மறைமலை அடிகளின் பெயர் தாங்கி நிற்கிறது. அர்மீனியர் போட்ட வழியில் இன்று எல்லா மதத்தாரும் நடக்கிறார்கள்.