கடைசல் எந்திரத்தை அடக்கியவர்

கடைசல் பட்டறைப் பக்கம் போனவர்கள் கவனித்திருக்கலாம். லேத் ஒழுங்காக ஓடும்போது எழும் சீரான இரைச்சலை அனுபவமுள்ள டர்னர் காதில் வாங்குவதே இல்லை. அந்தச் சீர் சற்றே குலைந்தால் போதும், அவர் கை தானாகவே சுவிட்சுக்குப் போய்விடும். வேலையைத் தொடாமல் வெறுமனே சுற்றும்போதும் உறுமல் கேட்டால் பேரிங்கையோ கியரையோ பார்ப்பார். தாளம் தவறாமல் 'டக், டக்' என்று தட்டினால் ஏதோ ஒரு கியரின் பல் அடிபட்டிருக்கலாம். டூல் உலோகத்தைத் தொட்ட பிறகு மட்டும் கிறீச்சிட்டு அதிர்ந்தால் டூல் மழுங்கியிருக்கும், அல்லது அளவுக்கு மீறி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது அதைத் தாங்கும் சறுக்குப் பகுதி தளர்ந்திருக்கும். அப்போது கடைந்த பரப்பில் அலை அலையாகத் தழும்பு விழும்.

சத்தத்தை இப்படிப் பிரித்தறிய முடிகிறது என்றால், அந்த எந்திரம் அடிப்படையில் அசையாமல் நிற்கிறது என்று பொருள். அப்படி நிற்க வைத்தவர்களில் தலையாயவர் ஹென்றி மாட்ஸ்லே.

1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் இங்கிலாந்தின் வுல்விச்சில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. பன்னிரண்டு வயதில் அங்கிருந்த படைக்கலச் சாலையில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலைக்குப் போனார். பிறகு தச்சுப் பகுதி. பதினைந்து வயதில் கொல்லுலை. இரும்பு அவருக்கு அங்கேதான் வசப்பட்டது.

பூட்டுத் தொழிலில் பெயர் பெற்ற ஜோசப் பிராமா அவரை அழைத்தபோது வயது பதினெட்டு. ஏழாண்டுப் பயிற்சி முடிக்காத இளைஞனைச் சேர்க்கத் தயக்கம் இருந்ததாம். தேய்ந்துபோன ஒரு பட்டறைப் பிடிப்புக் குறட்டை அன்று மாலைக்குள் சரிசெய்து காட்டி அவர் இடம் பிடித்தார் என்பார்கள். பிராமாவின் கடைச் சன்னலில் வைக்கப்பட்ட, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிக்கப்பட்ட பூட்டும் அவர் கைவேலையே. 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பல நாள் பாடுபட்டுத் திறக்கும்வரை அது யாருக்கும் மசியவில்லை.

எட்டாண்டு உழைத்துப் பட்டறைத் தலைமையும் ஏற்ற பின், அவருக்கு வாரச் சம்பளம் 30 ஷில்லிங். மனைவி மக்களைக் காப்பாற்ற அது போதவில்லை. கூடுதலாகக் கேட்டார், கிடைக்கவில்லை. 1797-இல் வெளியேறி, லண்டனில் சிறு பட்டறை ஒன்றைத் தாமே தொடங்கினார். சில ஷில்லிங்குகளை மிச்சப்படுத்தப் போய் பிராமா இழந்தது எத்தகைய மனிதரை!

அந்நாளில் பெரும்பாலான கடைசல் எந்திரங்களுக்கு மரச்சட்டமே உடல். கடைபவர் உளியைக் கையால் அழுத்திப் பிடிப்பார். உலோகத்தில் கடினமான இடம் வந்தால் உளி துள்ளும். மறுகணம் ஆழமாகக் கடிக்கும். சட்டமும் சேர்ந்து அதிரும். வேலையின் துல்லியம் தோள் வலிமையைப் பொறுத்திருந்தது. மாட்ஸ்லே உளியைக் கையிலிருந்து வாங்கி, திருகினால் நகரும் உறுதியான சறுக்குத் தாங்கியில் இறுக்கினார். 1800-ஐ ஒட்டி அவர் அமைத்த மரைவெட்டும் லேத்தில் இந்தத் தாங்கி, வழிநடத்தும் திருகு, மாற்றக்கூடிய கியர்கள் மூன்றும் ஒன்றாக வேலை செய்தன. சறுக்குத் தாங்கியை அவரே முதலில் கண்டுபிடித்தார் என்று சில நூல்கள் எழுதுவது சரியன்று. பிரான்சில் வோகான்சன் 1751 அளவிலேயே அத்தகையதை அமைத்திருக்கிறார். எனினும், அதைப் பட்டறையின் அன்றாடப் பொருளாக்கிய பெருமை மாட்ஸ்லேயையே சாரும்.

அவர் வெட்டிய திருகுகளின் நுட்பம் வியப்பூட்டுவது. ஐந்தடி நீளமுள்ள ஒரு திருகில் அங்குலத்துக்கு 50 மரைகள் வெட்டினார். அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் கருவி ஒன்றையும் செய்தார். பட்டறையில் அளவுத் தகராறு வந்தால் அதுவே இறுதித் தீர்ப்பு என்பதால், அதற்குத் தலைமை நீதிபதிக்குரிய பட்டம் ஒன்றைப் பெயராகச் சூட்டியிருந்தார்கள்!

போர்ட்ஸ்மத் கப்பல்துறைக்காக மார்க் புரூனல் வகுத்த கப்பிக்கட்டை எந்திரங்களைச் செய்து கொடுத்தவரும் அவரே. ஆண்டுக்கு 1,30,000 கட்டைகளை, தேர்ச்சியற்ற பத்துப் பேர் செய்து முடித்தனர். முன்பு இதற்குத் தேர்ந்த தொழிலாளர் நூற்றுப்பத்துப் பேர் வேண்டியிருந்தது. பாடநூல்கள் இந்தக் கணக்கைப் பெருமையோடு சொல்கின்றன. மீதி நூறு பேரின் வீட்டு அடுப்பைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. கையின் திறமையை எந்திரத்துக்குள் புகுத்தியவரே, கைத்திறனால் உயர்ந்த ஒரு கொல்லர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

1810-இல் பட்டறை லாம்பெத் பகுதிக்குப் பெயர்ந்து, கப்பல் நீராவி எந்திரங்களுக்குப் பெயர் பெற்றது. விட்வொர்த், நாஸ்மித், ராபர்ட்ஸ் ஆகியோர் அவரிடம் வேலை கற்றுப் பின்னாளில் புகழடைந்தவர்கள்.

பிரான்சில் ஒரு நண்பரைப் பார்த்துவிட்டுக் கடல் கடந்து திரும்பும்போது குளிர் தாக்கி, 1831 பிப்ரவரி 14 அன்று காலமானார். பிறந்த ஊரான வுல்விச்சின் தேவாலய வளாகத்திலேயே அடக்கம் செய்தனர். அங்கே எழுந்த நினைவுச் சின்னம் கல்லால் ஆனதன்று. அவரே வடிவமைத்திருந்த வார்ப்பிரும்பு.