ரஹீம் மாஸ்டர்: ஒரு ஃபுட்பால் ரசிகனின் நினைவுரை

மலர்க் குழுத் தம்பி ஒருவர் போன் செய்து, ஹாஸ்டல் சாப்பாடு, ஆண்டு விழா நாடகம் பற்றியெல்லாம் நிறையக் கட்டுரை வந்துவிட்டது, நீங்கள் விளையாட்டைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார். நம் கல்லூரி ஃபுட்பால் டீமில் மூன்று வருஷம் பேக் ஆடியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அந்த மூன்று வருஷத்தில் எத்தனை மேட்ச் ஜெயித்தோம் என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். ஒரு சேலம் காலேஜிடம் ஏழு கோல் வாங்கிக்கொண்டு, ராத்திரி கடைசி பஸ்ஸில் ராசிபுரம் வரும் வரை வாய் திறக்காமல், ராசிபுரம் தாண்டியதும் ஆளாளுக்கு ஆரம்பித்தோம். கோச் சரியில்லை, ஃபார்வர்டு சரியில்லை, டீம் போட்டதே தப்பு. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் கோச்சை வேலையை விட்டே தூக்கிவிட்டோம்!

ரசிகன் என்றால் அப்படித்தான். இன்றைக்கும் டீக்கடையில் உட்கார்ந்து ஐ.எஸ்.எல். பார்க்கும்போது அந்த வேலையைத்தான் செய்கிறேன். ஆனால் ஒரு மனுஷனைப் பற்றிப் படித்த பிறகு அந்தப் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் சையது அப்துல் ரஹீம். எல்லோருக்கும் ரஹீம் சாப். எனக்கு அவர் ரஹீம் மாஸ்டர். ஏனென்றால் அடிப்படையில் அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், அங்கேயே டீமிலும் ஆடினார். பிறகு ஹைதராபாத் பள்ளிகளில் ஆசிரியர் வேலை. உடற்பயிற்சிக் கல்வியிலும் டிப்ளமோ வாங்கியவர். 1940-களில் ஹைதராபாத் ஃபுட்பால் சங்கத்தின் செயலாளர் ஆனார். ஹைதராபாத் சிட்டி போலீஸ் டீமுக்குக் கோச்சும் ஆனார். கடைசி வரை அந்த டீமை விடவில்லை.

அந்தக் காலத்தில் இந்திய ஃபுட்பால் என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று மூன்று ஜாம்பவான்கள். அவர்களுக்கு எதிரே ஒரு போலீஸ் டீமை வைத்துக்கொண்டு ரஹீம் செய்தது சாதாரணக் காரியமில்லை. பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ஹைதராபாத் போலீஸ் தூக்கியது. 1950-ல் மோகன் பகானைத் தோற்கடித்து டியூராண்ட் கோப்பையும் வந்தது. 1956, 1957 இரண்டு வருஷமும் சந்தோஷ் டிராபி ஹைதராபாத்துக்கு.

எப்படி முடிந்தது? இங்கேதான் எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடித்துப்போனது. நம் நாட்டில் அப்போது பந்து கிடைத்தவன் அதைக் காலிலேயே ஒட்டவைத்துக்கொண்டு நாலு பேரை ஏமாற்றுவான், கூட்டம் விசில் அடிக்கும், அவ்வளவுதான் ஆட்டம். ரஹீம் பள்ளிப் பையன்களுக்கு டிரிப்ளிங்கே கூடாது என்று விதி வைத்து டோர்னமெண்ட் நடத்தினார். பந்து வந்ததும் பாஸ் பண்ணியாக வேண்டும். பழக்கமில்லாத காலால் மட்டும்தான் ஆட வேண்டும் என்று இன்னொரு டோர்னமெண்ட். வலது கால்காரன் இடது காலால்தான் உதைக்கணும். முதலில் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இரண்டு காலும் பழகிய பையனை எதிராளி எந்தப் பக்கம் மடக்குவான், சொல்லுங்கள்? கணக்கு வாத்தியார் வீட்டுப்பாடம் கொடுக்கிற மாதிரி, ரஹீம் காலுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்.

ஆளைக் கண்டுபிடிப்பதிலும் அவருக்குத் தனிக் கண். செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்கிற இடத்தில் ஒரு ஏழைப் பையன் நன்றாக ஆடுகிறான் என்று பார்த்தார். பயிற்சிக்கு அவ்வளவு தூரம் வர வசதியில்லை என்று பையன் சொன்னதும், வாடகை சைக்கிளுக்குத் தம் கையிலிருந்து காசு கொடுத்து வரவழைத்தார் என்பார்கள். அந்தப் பையன்தான் துளசிதாஸ் பலராம். பின்னால் இந்தியாவே கொண்டாடிய ஃபார்வர்டு. 2023-ல்தான் காலமானார்.

1950-ல் இந்திய டீமின் பொறுப்பு ரஹீமுக்கு வந்தது. அடுத்த வருஷமே டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஃபைனலில் மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரானை வென்று தங்கம். ஆஹா ஓஹோ என்று நாடே புகழ்ந்தது.

அதற்கு அடுத்த வருஷம், 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். யூகோஸ்லாவியாவிடம் 10-1!

பத்து கோல். நான் ஏழு வாங்கியவன், அந்த வலி எனக்குத் தெரியும். நம் ஆட்கள் பெரும்பாலும் பூட்ஸ் போடாமல் வெறுங்காலில் ஆடினார்கள். அந்தக் குளிரில், ஈரத் தரையில், பூட்ஸ் போட்ட ஐரோப்பியர்களோடு! உள்ளூரில் நம் ஆட்டம் 70 நிமிஷத்தில் முடிந்துவிடும், அங்கேயோ 90 நிமிஷம். இத்தனையும் சேர்ந்துதான் பத்து கோல். அந்த யூகோஸ்லாவியாவும் லேசுப்பட்ட டீம் இல்லை, அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர்கள்.

நம்ம டீக்கடை நியாயப்படி பார்த்தால் கோச்சின் கதை அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. நான்கு வருஷம் கழித்து மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும் அதே ரஹீமைத்தான் அனுப்பினார்கள். இந்திய ஃபுட்பால் நிர்வாகம் செய்த ஒரு சில புத்திசாலித்தனமான காரியங்களில் இதை நான் முதலில் வைப்பேன். (மற்றவற்றை எண்ண ஒரு கை விரல் போதும்.)

ரஹீமும் சும்மா இருக்கவில்லை. ஹெல்சிங்கியில் தங்கம் வாங்கியது ஹங்கேரி. அவர்கள் ஆடிய ஆட்டம் உலகத்தையே மிரட்டியது, அடுத்த வருஷம் வெம்ப்ளியில் போய் இங்கிலாந்தையே 6-3 என்று அடித்தார்கள். காலம் மாறிவிட்டது என்று ரஹீமுக்குப் புரிந்தது. பின்னால் இரண்டே பேர் நிற்கும் பழைய முறையை விட்டு மூன்று பேக் வைத்தார். வெறுங்கால் ஆட்டத்துக்கும் முற்றுப்புள்ளி வந்தது, ஹெல்சிங்கிக்குப் பிறகு பூட்ஸ் கட்டாயம் என்று சங்கமே விதி போட்டது.

நம்ம ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். லாரிக்குப் பாடி கட்டுகிறவர் என்ன செய்வார்? முதலில் சேசிஸைப் பார்ப்பார். நீளம் என்ன, எவ்வளவு பாரம் தாங்கும் என்று அளந்துவிட்டுத்தான் பலகையில் கை வைப்பார். பக்கத்துப் பட்டறையில் அழகாக ஒரு பாடி பார்த்தேன், அதையே இதிலும் ஏற்றுகிறேன் என்றால் முதல் வளைவிலேயே வண்டி சாயும். ஐரோப்பாக்காரன் பலத்தில் ஆடுகிறான் என்று ரஹீம் நம் ஆட்களையும் முட்டி மோதச் சொல்லவில்லை. நம் உடம்புக்கு வேகமும் குட்டி பாஸும்தான் சரிப்படும் என்று அளந்து கட்டினார்.

1956 மெல்போர்னில் முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் வாக்ஓவர். கால் இறுதியில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். மூன்று கோல் நெவில் டிசூசா. ஒலிம்பிக் ஃபுட்பாலில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். நான்காவது கோல் கிட்டு என்கிற கிருஷ்ணசாமி. அரை இறுதியில் எதிரே யார் தெரியுமா? அதே யூகோஸ்லாவியா! இடைவேளைக்குப் பிறகு நெவில் ஒரு கோல் அடித்து இந்தியா 1-0 என்று முன்னிலைக்கு வந்தது. நாலு வருஷம் முன்னால் பத்து வாங்கிய டீமுக்கு எதிராக! அந்தச் சில நிமிஷங்களை நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கும். அப்புறம் 4-1 என்று தோற்றோம், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0. நான்காம் இடம். ஒலிம்பிக் ஃபுட்பாலில் இந்தியா அதைத் தாண்டிப் போனதே இல்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸுடன் 1-1 டிரா. ஹங்கேரியிடம் ஒரு கோல் வித்தியாசத்தில்தான் தோல்வி. கடைசி ஆட்டத்தில் பெருவிடம் 3-1. அந்த ஒரு கோலை அடித்தவர் நம் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசி ஃபுட்பால் கோல் அதுதான். பின்னால் இவரே கோச்சாகி 1973-ல் கேரளாவுக்கு முதல் சந்தோஷ் டிராபி வாங்கிக் கொடுத்தார். ரோம் டீமில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். ஆனால் ஒரு ஆட்டத்திலும் இறக்கிவிடப்படவில்லை. கோச் அப்பாவேதான்! இந்த ஒரு விஷயத்தை மட்டும் சில தேர்வுக் குழுக்களுக்கு ஃபிரேம் போட்டு அனுப்பலாம்.

இனி 1962 ஜகார்த்தா. ரஹீமின் வாழ்க்கையில் இதுதான் சிகரம். அப்போதே அவர் நோயாளி. நுரையீரலில் புற்றுநோய்.

ஆரம்பமே சறுக்கல். முதல் மேட்சில் தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம், ஆனால் டிஃபென்ஸின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ஜப்பானை அவர் இல்லாமலே 2-0 என்று ஜெயித்தார்கள். அரை இறுதிக்கு என்ன செய்வது? தலையில் தையலோடு இருப்பவனை டிஃபென்ஸில் நிறுத்தினால், வருகிற உயரப் பந்தையெல்லாம் தலையால் முட்ட வேண்டும். அவனை வெளியே உட்கார வைத்தாலோ அவ்வளவு பெரிய ஆள் வீண். நான் கோச்சாக இருந்திருந்தால் உட்கார வைத்திருப்பேன். நீங்களும்தான். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாகப் போட்டார்! பேக்கைக் கொண்டுபோய் முன்னால்! தெற்கு வியட்நாமை 3-2 என்று வென்ற அந்த ஆட்டத்தில் ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

செப்டம்பர் 4, ஃபைனல். எதிரே மறுபடியும் கொரியா. ஸ்டேடியத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், அத்தனை பேரும் நமக்கு எதிராக. விஷயம் என்னவென்றால், இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்குச் சேர்க்காததை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்திருந்தார். அதில் ஊரே கொதித்துப்போயிருந்தது. நம் வீரர்கள் பஸ்ஸில் கொடியைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து போனார்களாம். தேசிய கீதம் காதில் விழாத அளவுக்கு ஊளைச் சத்தம். நமக்காகக் கை தட்டியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்! ஹாக்கி ஃபைனலில் நம்மைத் தோற்கடித்துவிட்டு வந்து, ஃபுட்பாலில் நமக்கு ஆதரவாக உட்கார்ந்தார்கள்.

ரஹீம் இன்னொரு முடிவும் எடுத்தார். முந்தைய ஆட்டங்களில் கோலில் நின்றவர் பிரத்யுத் பர்மன். ஜெயித்துக்கொண்டிருக்கும் டீமில் கோல்கீப்பரை மாற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? ரஹீம் மாற்றினார். காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜை நிறுத்தினார். தங்கராஜ் நல்ல உயரம், கொரியர்களின் உயரப் பந்துக்கு அவர்தான் சரி என்ற கணக்கு. இந்தத் தங்கராஜ் நம் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரில் வளர்ந்த ஆட்டக்காரர். ஆரம்பத்தில் சென்டர் ஃபார்வர்டாக ஆடி, பிறகு கோல்கீப்பரானவர் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

முந்தின இரவு வீரர்களை உட்கார வைத்து, நாளைக்கு எனக்கு அந்தத் தங்கத்தைப் பரிசாகக் கொடுங்கள் என்று கேட்டாராம். அவருடைய நோயைப் பற்றி அறிந்தவர்கள் எத்தனை பேரோ, கேட்டவர்கள் மறக்கவில்லை.

17-வது நிமிஷம் பி.கே. பானர்ஜி கோல். 20-வது நிமிஷம், தலையில் கட்டோடு ஜர்னைல் சிங் கோல்! கொரியா ஒரு கோலைத் திருப்பியது ஆட்டம் முடியும் தறுவாயில்தான். 2-1. தங்கம்.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ல் ரஹீம் மாஸ்டர் மறைந்தார். வயது 53.

அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியா தங்கம் வாங்கவில்லை. 1970 பாங்காக்கில் ஒரு வெண்கலம், அதோடு சரி. ஒலிம்பிக்குக்கு 1960-க்குப் பிறகு தகுதியே பெறவில்லை. அவருடைய சீடர் ஒருவர் 1964-ல் பிரேசிலுக்குப் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்து, அங்கே சொல்லிக்கொடுப்பதை ரஹீமிடம் 1956-லேயே படித்துவிட்டேன் என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அப்படியென்றால் அந்தப் பாடம் எங்கே போயிற்று? என் வருத்தமே அதுதான். வாத்தியார் போனதும் நோட்டுப் புத்தகமும் போய்விட்டது. அவருக்குப் பத்ம விருது எதுவும் கிடைக்கவில்லை. கோச்களுக்கான துரோணாச்சார்யா விருது தொடங்கியதே 1985-ல்தான். 2024-ல் அஜய் தேவ்கன் நடித்து, ஏ.ஆர். ரஹ்மான் இசையில் மைதான் என்று ஒரு இந்திப் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு என் பையனே, இப்படி ஒருத்தர் இருந்தாராப்பா என்று கேட்டான். மகன் ஹக்கீம் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, 2021-லேயே காலமாகிவிட்டார்.

சரி, கடைசியாக ஒரு விண்ணப்பம். சந்திப்பு அன்று காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், நம் மைதானத்தில் பழைய மாணவர்களும் இப்போது படிக்கும் தம்பிகளும் ஒரு மேட்ச் ஆடுவதாகப் பேசியிருக்கிறோம். விதி ரஹீம் மாஸ்டருடையது: பழக்கமில்லாத காலால் மட்டும்தான் உதைக்கணும், டிரிப்ளிங் கிடையாது. பந்து நான் கொண்டு வருகிறேன். முழங்கால் வலி இருப்பவர்கள் கோலில் நிற்கலாம். அந்த இடத்துக்கு நான் ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.