அமைச்சரவைக் குறிப்பேட்டைத் திறந்த கப்பல் வீரர் மாரிஸ் ஹாங்கி

முனிர்கா (டெல்லி): தெற்கு டெல்லியின் முனிர்காவில் அறை எடுத்துத் தங்கிக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், அமைச்சரவைச் செயலர் என்பது இந்திய ஆட்சிப் பணியின் உச்சப் பதவி என்பதை அறிவர். பிரிட்டனில் அப்பதவியை முதலில் வகித்தவர் போர்க்கப்பலில் பணியாற்றிய ஒரு மரைன் அதிகாரி என்பது அவர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

1877 ஏப்ரல் 1-ம் தேதி பிரான்சின் பியாரிட்ஸ் நகரில் பிறந்த மாரிஸ் ஹாங்கி, 1895-ல் ராயல் மரைன் பீரங்கிப் படையில் சேர்ந்தார். மரைன்கள், கப்பலில் பணியாற்றும் போர்வீரர்கள். நீலச் சீருடைப் பீரங்கிப் பிரிவு, செஞ்சீருடைக் காலாட் பிரிவு என அக்காலத்தில் அவர்கள் இரு பிரிவாக இருந்தனர். கப்பலின் பீரங்கிகளில் சிலவற்றை இயக்குவதும், தேவை ஏற்பட்டால் கரையிறங்கிப் போரிடுவதும் அவர்களது கடமை. ஆனால் எத்தனை திறமை இருப்பினும் மரைன் அதிகாரி ஒரு போர்க்கப்பலுக்குத் தலைவராக இயலாது. அமைதிக் காலத்தில் அவருக்கு வேலையும் குறைவு.

1899-ல் மத்தியதரைக் கடலில் ராமிலிஸ் போர்க்கப்பலில் அமர்த்தப்பட்ட ஹாங்கி, அந்த ஓய்வு நேரத்தை மொழிகள் கற்பதிலும் உளவுத் தகவல்கள் திரட்டுவதிலும் செலவிட்டார். 1902-ல் கடற்படை உளவுப் பிரிவு அவரை அழைத்துக்கொண்டது. 1912-ல் பேரரசுப் பாதுகாப்புக் குழுவின் செயலரானார்.

முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் அமைச்சரவைக் கூட்டங்களுக்கு நிகழ்ச்சி நிரலோ நடவடிக்கைக் குறிப்போ கிடையாது. பிரதமர் மன்னருக்குத் தம் கையால் எழுதும் கடிதமே ஒரே பதிவு. என்ன முடிவாயிற்று என்பதில் கூட்டத்திலிருந்து வெளியேறும் அமைச்சர்களுக்கே ஐயம் எழுவதுண்டு. போர்முனையில் ஆயிரக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த நாள்களிலும் இதுவே நடைமுறை. 1916 டிசம்பரில் பிரதமரான லாயிட் ஜார்ஜ் சிறிய போர் அமைச்சரவையை அமைத்து, ஹாங்கியைச் செயலராக்கினார். அன்று முதல் முடிவுகள் எழுத்தில் பதிவாகி, உரிய துறைகளுக்கு அனுப்பப்பட்டன.

அவர் வெறும் குறிப்பெடுப்பவராகவும் இருந்துவிடவில்லை. போர்க்கப்பல்களின் காவலில் வணிகக் கப்பல்கள் அணியாகச் செல்லும் கான்வாய் முறையை வலியுறுத்தி 1917 பிப்ரவரியில் அறிக்கை அளித்தார். கப்பலுக்குத் தலைமையேற்க உரிமையற்ற பிரிவிலிருந்து வந்தவரின் இந்த யோசனையைக் கடற்படைத் தலைமை தயக்கத்துடனேயே நோக்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கும் அதிகமான கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அதன் பின்னரே அம்முறை நடைமுறைக்கு வந்தது. இழப்பும் படிப்படியாகக் குறைந்தது.

1938-ல் ஹாங்கி ஓய்வு பெற்றதும், பாதுகாப்புக் குழுவின் செயலர் பொறுப்பு அவரிடம் பயிற்சி பெற்ற இஸ்மேயிடம் சென்றது. அந்த இஸ்மேதான் 1947-ல் மவுண்ட்பேட்டனுடன் டெல்லிக்கு வந்து, சுதந்திர இந்தியாவின் உயர்நிலைப் பாதுகாப்பு அமைப்புக்கு வரைவுத் திட்டம் வகுத்தவர். அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு, முப்படைத் தளபதிகள் குழு ஆகியவை அதன்படி அமைந்தவை. பேரரசின் தீவிர ஆதரவாளரான ஹாங்கியின் செயல்முறை, பேரரசிலிருந்து விடுபட்ட நாட்டுக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது. 1950 பிப்ரவரியில் என்.ஆர்.பிள்ளை இந்தியாவின் முதல் அமைச்சரவைச் செயலராகப் பொறுப்பேற்றார்.

ஹாங்கி 1963 ஜனவரி 26-ம் தேதி, தமது 85-வது வயதில் காலமானார்.