ஆனந்தரங்கம்பிள்ளையும் அவர்தம் வீட்டு ஏடுகளும்

டூப்ளே, கிளைவு என்னும் பெயர்களைச் சரித்திர வகுப்பிற் கேளாத பழைய மாணவர் நம்முள் இலர். அவ்விருவர் போர்களையும் ஆண்டுகளையும் மனனஞ் செய்து பரீட்சை எழுதினோம். டூப்ளேயின் பக்கத்தில் நின்ற தமிழர் ஒருவர், நாடோறும் கண்டதையுங் கேட்டதையும் இருபத்தைந்து ஆண்டுகள் தமிழில் எழுதிவைத்தார் என்பதை மட்டும் அன்று எவரும் நமக்குச் சொல்லவில்லை. அவரே ஆனந்தரங்கம்பிள்ளை.

பிள்ளையவர்கள் 1709ஆம் ஆண்டு பங்குனி மாதத்திற் சென்னையைச் சார்ந்த பெரம்பூரிற் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம்பிள்ளை. தாய்மாமன் முறையினரான நைனியப்பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பனியாரின் தலைமைத் துபாஷியாக இருந்தமையால் குடும்பம் அங்குக் குடியேறியது. துபாஷி உத்தியோகம் செல்வந் தருவது, சிறையுந் தருவது. நைனியப்பிள்ளை 1716இற் குற்றஞ்சாட்டப்பெற்றுத் தண்டனையடைந்து மறு ஆண்டிற் சிறையிலேயே மாண்டார். அவர் புதல்வர் குருவப்பிள்ளை பிரான்சு தேசஞ் சென்று நீதி கேட்டு, கிறித்து சமயந் தழுவி, விருதும் பதவியும் பெற்றுத் திரும்பினார். ஐரோப்பியர் தயவு எத்துணை நிலையற்றதென்பதை நம் பிள்ளையவர்கள் இளமையிலேயே தம் வீட்டிற் கண்டவர் என்பதை மறந்து அவர் எழுத்தைப் படித்தல் ஆகாது.

தந்தையார் 1726இற் காலமானார். தேசாதிபதி லெனுவார் இவரைப் பரங்கிப்பேட்டையிலிருந்த கும்பனிச் சாலைக்குத் தலைவராக்கினார். லாலாப்பேட்டையிலும் ஆர்க்காட்டிலும் இவர் சொந்தப் பொருள் கொண்டு வர்த்தகசாலைகள் நிறுவினார். ஆனந்தப்புரவி என்று ஒரு கப்பலும் இவருக்கு இருந்தது.

நள ஆண்டு ஆவணி மாதம், அஃதாவது 1736 செப்டெம்பர் 6ஆந் தேதி, தமது இருபத்தேழாம் வயதில் தினக்குறிப்பைத் தொடங்கினார். எவரும் அச்சிடுவர் என்றெண்ணி எழுதப்பட்டதன்று. கணக்கேடு எழுதும் வணிகர் கை, வரவு செலவோடு நில்லாமல் ஊர் வழக்கையும் எழுதியது எனலாம். துறைமுகத்தில் எந்தக் கப்பல் வந்தது, அதற்கு எத்தனை பீரங்கி முழங்கின, யார் யாருக்கு வெற்றிலை பாக்கும் பன்னீரும் வழங்கினர், யார் வீட்டுக் கலியாணத்துக்கு யார் சென்றனர், எந்த நெசவுக்காரர் முன்பணம் வாங்கித் துணி தரவில்லை என்பனவெல்லாம் அங்குண்டு. ஏழை மக்களை வஞ்சித்துக் கடத்திக் கடல்கடந்த தீவுகளுக்கு அடிமைகளாக ஏற்றிய கொடுமையையும் 1743இல் எழுதியிருக்கிறார். தமது பாக்குக் கிட்டங்கியில் அமர்ந்து செய்தி கேட்பது இவர் வழக்கம். இன்றைய பத்திரிகை நிலையங்கள் சில இதனினுங் குறைவாகவே செய்தி சேர்க்கின்றன!

மாணாக்கர் கட்டுரையிற் பிழை திருத்தியே பழகிய நமக்கு இவர் உரைநடை முதலில் இடர்ப்பாடாகவே இருந்தது. சந்தியும் இல்லை, வாக்கியத்துக்கு முடிவும் இல்லை. பாரசீகமும் போர்த்துக்கேயமும் தெலுங்கும் பிரெஞ்சும் விரவிக் கிடக்கின்றன. சில பக்கங்கள் கடந்ததும் திருத்தும் எண்ணம் நம்மைவிட்டு அகன்றது. அக்காலத்துப் புலவர் எவரும் எழுதாத பேச்சுத் தமிழ் அது.

டூப்ளே 1742இல் தேசாதிபதியானார். தலைமைத் துபாஷி கனகராய முதலியார் 1746இல் இறந்தார். அவ்விடத்துக்குக் கிறித்தவரே வேண்டுமென்று பாதிரிமாரும் டூப்ளேயின் மனைவியாரும் முயன்றனர். ஆயினும் பதவி ஈற்றிற் பிள்ளையவர்களுக்கே கிடைத்தது. அவ்வாண்டில் லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றியதும், அதற்கு முன் நாகபட்டினக் கடலிற் பொருத ஆங்கிலக் கப்பற்படை நமது திருக்கோணமலைத் துறைக்கு ஒதுங்கியதும் சரித்திரம். பின்னர் 1749இல் முசபர்சங்கு இவருக்கு மூவாயிரங் குதிரைக்குரிய மன்சப் பதவியளித்தார். தேசாதிபதி தம்மைப் புகழ்ந்த சொற்களையெல்லாம் பிள்ளையவர்கள் குறைவின்றி எழுதிவைத்ததை நாம் மறைக்கவேண்டுவதில்லை. பெரியோர்க்கும் அப்பலவீனம் உண்டு.

ஆனால் அவர் வாழ்க்கையில் நம்மை நெடுநேரம் நிறுத்துவது 1748 செப்டெம்பர் மாதமே. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கக் கட்டளை பிறந்தது. ஊர்ச் சைவர் பலர் பிள்ளையவர்களிடம் ஓடிவந்தனர். தமிழருள் அவரினும் மேலான செல்வாக்குடையார் அந்நகரில் இலர். அவரோ தடுத்து நிற்கவில்லை. கோயில் இடிந்தது. அந்நாட்களின் குறிப்பை எழுதிய கை துயருற்ற கை. மதாம் டூப்ளேமீதும் பாதிரிமார்மீதும் சினங் கொண்ட கை. எனினும் மறுநாட் காலை அதே தேசாதிபதியின் வாயிலுக்கு அவர் சென்றார். தட்டியிருந்தால் நைனியப்பிள்ளையின் சிறை அவருக்குங் காத்திருந்திருக்கலாம். அவரைக் கோழை என்பாரும் உளர், காலமறிந்தவர் என்பாரும் உளர். நாம் இரண்டாவது கட்சி; ஆயினும் அப்பக்கங்களை மனங்கலங்காது படிக்க இயலவில்லை. இவ்வளவையும் மறைக்காமல் எழுதினாரே, அது அவர்க்குப் பெருமை.

அக்காலத்தில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. அவர்களும் தோம்பேடுகளிற் காணி பூமிகளை எழுதுவித்தனர். அவை ஆண்டவர் எழுதிய கணக்கு. பிள்ளையவர்கள் ஏடோ ஆளப்பட்டவர் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுதியது.

டூப்ளே 1754இற் பிரான்சுக்கு மீண்டபின் பிள்ளையவர்களின் நிலை தாழ்ந்தது. 1756இற் பதவியும் போயிற்று. உடலும் நலிந்தது. ஆங்கிலேயர் மீண்டும் நகரை முற்றுகையிட்டனர். கடைசிக் குறிப்பு 1761 ஜனவரி 12ஆந் தேதிக்குரியது. நகரம் வீழ்ந்த அம்மாதத்திலேயே அவர் உயிர் நீத்தார், வயது ஐம்பத்தொன்று. அதன்பின் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

ஏடுகள் வீட்டிலே கிடந்தன. அவற்றை 1846இல் கலுவா மொம்பிரோன் என்னும் பிரெஞ்சு அதிகாரி கண்டு பிரதி செய்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாகச் சென்னையில் வெளிவந்தது. தமிழில் எழுதியதைத் தமிழர் அச்சிற் காண 1948 வரை காத்திருக்க நேர்ந்தது வெட்கமே. அவ்வாண்டு முதற் புதுச்சேரியில் ஞானு தியாகு பதிப்பித்தார்.

பெரியதகப்பனார் மறைந்தபின் அவர் தம்பி மகன் திருவேங்கடம்பிள்ளை எழுதுகோலைக் கையிலெடுத்து 1768 வரை எழுதினார். அதே குடும்பத்து முத்துவிஜய திருவேங்கடம்பிள்ளை 1794 முதல் 1796 வரை எழுதிய குறிப்பும் நமக்குக் கிடைத்திருக்கிறது.