வில்லியம் வெலிங்டன் கிரீனர்

வில்லியம் வெலிங்டன் கிரீனர் (1834 – 1921) இங்கிலாந்தைச் சேர்ந்த துப்பாக்கி உற்பத்தியாளரும் நூலாசிரியரும் ஆவார். பறவை வேட்டைக்குப் பயன்படும் சிதறுதுப்பாக்கியின் (சாட்கன்) குழல் முனையைச் சிறிதளவு ஒடுக்கி, ரவைகள் பரவுவதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு சோக் எனப்படுகிறது. இதனை நம்பத்தகுந்த முறையில் செய்துகாட்டி, 1874-ஆம் ஆண்டு முதல் பரவச் செய்தவர் இவரே. சோக்கைக் கண்டுபிடித்தவர் என்றே பலர் இவரைக் குறிப்பிடுவதுண்டு. அது முழுவதும் சரியன்று என்பதைக் கீழே காணலாம்.

தந்தையும் மகனும்

கிரீனர் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் கிரீனரும் புகழ்பெற்ற துப்பாக்கிக் கலைஞர். சுடும்போது விரிந்து குழலின் வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும் குண்டு ஒன்றை அவர் 1835-இல் உருவாக்கினார். பிரித்தானியப் படை அதனை ஏற்கவில்லை. பின்னர் அதே கருத்தில் அமைந்த பிரெஞ்சு நாட்டு மினியே குண்டைப் படை வாங்கிக்கொண்டது. முன்னோடி அவரே என்பதை ஏற்று, அரசு 1857-இல் அவருக்கு 1,000 பவுண்டு வழங்கியது. 1840-களின் நடுவில் குடும்பம் துப்பாக்கித் தொழிலின் மையமான பர்மிங்காம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

இத்தகைய புதுமையாளரான தந்தை, அடுத்த புதுமையை மட்டும் ஏற்க மறுத்தது வியப்புக்குரியது. அதுவரை மருந்தையும் ரவையையும் குழலின் வாய் வழியே இட்டுக் கெட்டித்தே சுட்டனர். பின்புறமாகத் திறந்து தோட்டாவை இடும் துப்பாக்கிகள் வந்தபோது அவை வலுவற்றவை, ஆபத்தானவை எனத் தந்தை உறுதியாக எதிர்த்தார். மகனோ வருங்காலம் அவற்றுக்கே உரியது எனக் கருதி, 1855-இல் பிரிந்து தனித்தொழில் தொடங்கினார். பின்புறம் திறக்கும் துப்பாக்கியை இறுக மூடும் குறுக்குத் தாழ் ஒன்றுக்கு 1865-இல் காப்புரிமை பெற்றார். தந்தையின் அச்சத்துக்கு மகன் தந்த விடை இந்தத் தாழ் என்றும் கொள்ளலாம். 1869-இல் தந்தை இறந்த பின்னர் இரு தொழில்களும் ஒன்றாயின.

சோக் என்பது என்ன?

சிதறுதுப்பாக்கியின் தோட்டாவில் ஒரே குண்டுக்குப் பதில் நூற்றுக்கணக்கான சிறு ஈய ரவைகள் இருக்கும். குழலை விட்டு வெளியேறியதும் அவை விரியத் தொடங்கும். நம் நாட்டிலும் பரவலாக அறியப்பட்ட 12-போர் துப்பாக்கியின் குழல் விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. (அவ்விட்டமுள்ள 12 ஈய உருண்டைகள் சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருக்கும் என்பதால் இப்பெயர்.) முனைக்கு அருகில் இவ்விட்டத்தை ஏறத்தாழ 1 மி.மீ. குறைத்தால் அது முழு சோக் ஆகும். ஒரு மில்லிமீட்டரால் விளையும் வேறுபாடு நம்ப முடியாத அளவு பெரிது.

இதனை அளக்கும் முறை எளியது. 40 கெஜம் (ஏறத்தாழ 36.6 மீட்டர்) தொலைவில் உள்ள இலக்கைச் சுட்டு, 30 அங்குல (76 செ.மீ.) விட்டமுள்ள வட்டத்துக்குள் விழுந்த ரவைகளை எண்ண வேண்டும். ஒடுக்கம் இல்லாத நேர்க்குழலில் சுமார் 40 விழுக்காடும், முழு சோக்கில் சுமார் 70 விழுக்காடும் வட்டத்துக்குள் விழும்.

1874-உம் அதன் பின்னும்

1874-இன் தொடக்கத்தில் வாடிக்கையாளர் ஒருவர் குழல் முனையை ஒடுக்கித் தருமாறு கிரீனரைக் கேட்டார். ஆனால் எவ்வளவு ஒடுக்குவது, எந்த வடிவில் ஒடுக்குவது என்ற விவரம் அவரிடம் இல்லை. கிரீனர் பல வடிவங்களைச் செதுக்கிச் சுட்டுப் பார்த்து, மீண்டும் மீண்டும் ஒரே விளைவைத் தரும் வடிவத்தையும் அதனைக் கடையும் கருவியையும் கண்டடைந்தார். அவர் அறிவித்த எண்ணிக்கைகளை இலண்டனின் தி ஃபீல்டு இதழ் வாசகர்கள் நம்பவில்லை. இதையொட்டி 1875-இல் அவ்விதழ் பொதுச் சோதனை ஒன்றை நடத்தியது. அதில் சோக் துப்பாக்கிகள் நேர்க்குழல் துப்பாக்கிகளைத் தெளிவாக வென்றன. கிரீனரின் துப்பாக்கிகள் முன்னணியில் நின்றன.

நியூகாசிலைச் சேர்ந்த வில்லியம் ரோச்செஸ்டர் பேப் 1866-இலேயே தம் காப்புரிமையில் முனை ஒடுக்கத்தைக் குறிப்பிட்டிருந்தார். அமெரிக்காவில் சில்வெஸ்டர் ரோப்பர் 1868-இல் கழற்றி மாட்டும் சோக்குக்குக் காப்புரிமை பெற்றார். இல்லினாய் மாநில வாத்து வேட்டைக்காரர் பிரெட் கிம்பிளும் தாமே முதலில் செய்ததாக உரிமை கோரினார். எனவே கருத்து கிரீனருடையது அன்று. கருத்தை அளவாகவும், அளவைத் திரும்பச் செய்யத்தக்க உற்பத்தி முறையாகவும் மாற்றியது அவருடைய பங்கு. பொறியியல் நோக்கில் இது சிறிய பங்கு அன்று.

வான்கோழி வேட்டையும் சோக் தேர்வும்

முழு சோக்கின் இன்றைய முதன்மைப் பயன்பாடுகளுள் ஒன்று வட அமெரிக்காவில் நடைபெறும் காட்டு வான்கோழி வேட்டை ஆகும். இளவேனிற் காலத்தில் வேட்டைக்காரர் பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை அருகே வரவழைப்பார். பறக்கும் வாத்தைச் சுடுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. பறக்கும் பறவைக்கு ரவைகள் அகலமாக விரிவது நல்லது. வான்கோழியோ தரையில் நிற்கிறது. அதன் உடலைத் தடித்த இறகுகளும் மார்புத் தசையும் காக்கின்றன. ஆகவே தலையையும் கழுத்தையும் குறிவைப்பர். அச்சிறு பரப்பில் போதிய ரவைகள் விழ முழு சோக்கோ அதனினும் இறுக்கமானதோ தேவைப்படுகிறது.

ஆனால் இறுக்கம் மிகுந்தால் மட்டும் போதாது. பறவை 10 மீட்டருக்குள் வந்துவிட்டால் ரவைகள் விரிய நேரமின்றி ஒரு பழத்தின் அளவே பரவும். சற்றே பிழைத்தாலும் குறி தவறும். தொலைவு மிகுந்தாலோ பறவை காயத்துடன் தப்பிக் காட்டில் மடியும். தவறான தேர்வின் விலையைக் கொடுப்பது பறவையே. மேலும், ஈயத்துக்காகச் செய்த பழைய முழு சோக் குழல்களில் கடினமான எஃகு ரவைகளைச் சுட்டால் குழல் கெடலாம். ஒரே அளவு சோக் இரு துப்பாக்கிகளில், அல்லது இரு வகைத் தோட்டாக்களில், ஒரே விளைவைத் தருவதில்லை. இதனால் கிரீனர் காலத்தைப் போலவே இன்றும் தாளில் சுட்டு எண்ணிப் பார்த்தே தேர்வு செய்கின்றனர்.

இந்தியாவில்

சோக்கின் வரலாற்றில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வங்காளப் படையில் பணியாற்றி விக்டோரியா சிலுவை பெற்ற ஜார்ஜ் வின்சென்ட் ஃபாஸ்பெரி, சோக் பகுதியில் மட்டும் வரிப்பள்ளம் வெட்டிய பாரடாக்ஸ் துப்பாக்கிக்கு 1885-இல் காப்புரிமை பெற்றார். பறவைக்கு ரவையும் பெருவிலங்குக்குக் குண்டும் ஒரே குழலில் சுடலாம் என்பதால் இங்கிருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர் இதனை விரும்பினர்.

இத்துப்பாக்கிகளுக்கு வெகுகாலம் முன்பே துப்பாக்கிக்கு எதிரான குரலும் எழுந்திருந்தது. தாம்பரம், ராஜகீழ்ப்பாக்கம் பகுதி மாணவர்கள் சுற்றுலா சென்று கண்டிருக்கக்கூடிய வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளையர் பறவைகளைச் சுட்டதை ஊரார் எதிர்த்தனர். அதன் பயனாக, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்தார். காட்டு வான்கோழி இந்தியாவில் இயல்பாக வாழ்வதில்லை. இங்குள்ளவை பண்ணைப் பறவைகளே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவதைத் தடை செய்கிறது.

நூல்களும் இறுதிக்காலமும்

கிரீனர் பல நூல்களை எழுதினார். துப்பாக்கியும் அதன் வளர்ச்சியும் என்னும் பொருள்படும் பெருநூல் 1881-இல் வெளிவந்து, 1910-க்குள் ஒன்பது பதிப்புகளைக் கண்டது. தம் துப்பாக்கிகளைப் போற்றும் இடங்களில் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டிய நூல் எனினும், வில் அம்பு முதல் தோட்டா வரை அது தரும் விளக்கங்களுக்காக இன்றும் படிக்கப்படுகிறது. அவர் 1921-இல் காலமானார். அவருடைய நிறுவனத்தை 1965-இல் பர்மிங்காமின் வெப்லி அண்டு ஸ்காட் நிறுவனம் வாங்கியது.